வெயில் விறகுக் கொட்டகைக்கு வரும்வரை

போர்த்திக்கொண்டால் குளிரும் போர்வை எது, சொல்லு பார்ப்போம். நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சுபிக்ஷா கேட்டது இது. மூன்றாம் வகுப்பில் தினம் ஒரு விடுகதை போடுகிறார்களாம். அவள் அப்பா வாய் நிறையச் சோற்றோடு யோசித்து, "நனைஞ்ச போர்வை" என்றார். "போங்கப்பா, நனைஞ்சா எல்லாப் போர்வையுந்தான் குளிரும். இது காய்ஞ்சா இருக்கவே இருக்காது" என்றாள் அவள். எனக்கும் தெரியவில்லை. விடையைக் காலையில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அவள் எழுந்து வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, கருப்பட்டி. உன் முதுகில்தான் கிடந்தது விடை. கழுத்திலிருந்து வால்வரை, பொடி உப்பைச் சலித்துத் தூவியதுபோல் வெள்ளை. உறைபனி. தட்டினால் உதிர்கிறது, உள்ளங்கையில் பட்டதும் தண்ணீராகிறது. கருப்பட்டி நிறம் என்பதால் உனக்கு அந்தப் பெயர். இன்றைக்குச் சீனி தூவிய கருப்பட்டி. நான் சிரிக்கக் கூடாது, சிரித்தால் என் வயிறு குலுங்கும், மடியில் இருக்கிற உனக்குத் தையலில் வலிக்கும். கொட்டகைக்குள் இருக்க வேண்டியவள் நீ. உனக்கென்று பலகை போட்டு, காய்ந்த பெரணித் தழை பரப்பி, மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு வெறும் தரையில், புல்லெல்லாம் விறைத்து நிற்கிற இடத்தில் வந்து படுத்திருக்கிறாய். எப்போது வந்தாய், தெரியாது. நான் கதவைத் திறந்தபோது உன் மூக்கிலிருந்து மெல்லிசாகப் புகை போய்க்கொண்டிருந்தது. அந்த மூச்சைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது விறகு பிளக்கிற கட்டையின்மேல் நான், என் மடியில் நீ, நம் இரண்டு பேரையும் சுற்றி சுபிக்ஷா அப்பாவுடைய கம்பளி. முதுகுக்கு விறகு அடுக்கு. அசையக்கூடாது, அசைந்தால் இடுக்கில் குளிர் புகுந்துவிடும். எதிர் மலை உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. நம் லயத்து வீட்டு வரிசை மலையின் இந்தப் பக்கம் இருப்பதால் நமக்குத்தான் எப்போதும் கடைசி. அந்த உச்சியில் தொடங்கி, தேயிலைச் சரிவில் ஒவ்வொரு வரிசையாக இறங்கி, ஓடையைத் தாண்டி, கேரட் தோட்டத்தில் ஏறி, கோயில் தகரக் கூரையைத் தொட்டு, பக்கத்து வீட்டு லில்லி அக்காவின் கோழிக்கூண்டைத் தொட்டு, அதற்குப் பிறகு நாம். அதுவரை உன்னை இப்படியே வைத்திருந்தால் போதும். போதும் என்று நினைக்கிறேன். நடுங்கு, நன்றாக நடுங்கு. நடுங்கினால் நல்லது என்றுதான் உனக்குத் தையல் போட்ட டாக்டரம்மா சொன்னார். "உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். நடுக்கம் நின்னு, நாயும் அசையாம கிடந்தா மட்டும் உடனே தூக்கிட்டு வாங்க." தூக்கிக்கொண்டு எப்படிப் போவது, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எப்போது, ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருக்குமா, இதெல்லாம் இப்போது வேண்டாம். நடுக்கம் என் முழங்கைவரை வருகிறது. ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மெஷினின்மேல் கை வைத்தால் வருமே, அதுபோல. அந்த மெஷின் நின்றால்தான் எல்லாரும் ஓடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை சத்தம்கூடக் கேட்காது. அவர் இன்னும் ஃபேக்டரியில்தான் இருக்கிறார். நேற்றுச் சாப்பிட்ட கையோடு இரவு வேலைக்குப் போனார். அவர் இல்லை. அப்படியென்றால் தார்ப்பாயை யார். அப்புறம். அதை அப்புறம் யோசிக்கலாம். முதலில் வெயில்.

காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கு அது. கேரட் தோட்டத்து வேலியில் யாரோ வைத்தது. யார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. கம்பி பன்றியை விட்டுவிட்டு உன் பின்னங்காலைப் பிடித்தது. நீ இழுக்க இழுக்க அது இறுகியது. அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தவுடனே காலை எடுத்துவிட வேண்டும் என்றார். மயக்கம் தெளிந்து நீ எழுந்து நிற்கப் பார்த்து, இல்லாத காலை ஊன்றி விழுந்தாயே, அப்போது சுபிக்ஷா அழவில்லை. "கருப்பட்டி, அது இல்ல, அடுத்தது, அடுத்தத ஊணு" என்று சொல்லிக்கொடுத்தாள். குளிர் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, வீட்டுக்குள் வையுங்கள் என்றார் டாக்டரம்மா. சொல்வது சுலபம். கூரையின் கீழ் பிறந்த நாயா நீ? தேயிலைப் புதருக்கடியில் பிறந்து, கோயில் வாசலில் வளர்ந்து, சுபிக்ஷா பின்னால் நடந்து வந்து நம் வாசலோடு நின்றுகொண்டவள். எத்தனை மழையில் கூப்பிட்டிருப்பேன், ஒருநாளும் நிலையைத் தாண்டியதில்லை. முதல் நாள் உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்தினோம். கதவைப் பிறாண்டினாய், சுவரில் மோதினாய், கடைசியில் உன்னையே கடித்தாய். விடிந்து பார்த்தால் தையல் பிரிந்து தரையெல்லாம் ரத்தம். திரும்பவும் ஆஸ்பத்திரி, திரும்பவும் ஊசி, டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கு வியாதியவிடக் கதவுதான் பயமா இருக்கு. வெளியவே வெச்சு, குளிராமப் பார்த்துக்க முடியுமாம்மா?" முடியும் என்றேன். பக்கத்தில் நின்ற சுபிக்ஷா அப்பா என்னைப் பார்த்தார். முடியும் என்று இன்னொரு தடவை சொன்னேன், அவருக்காக.

சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். வழி என் வேலையிலேயே இருந்தது. நாற்றுப் பண்ணையில் பனிக்காலம் வந்தால் தேயிலைக் கன்றுகளுக்குத் துணியா போர்த்துகிறோம்? பெரணிதானே வெட்டி வந்து செருகுகிறோம். துணி பனியைக் குடித்து நனைந்து கன்றின்மேலேயே ஒட்டிக்கொள்ளும். பெரணி நடுவில் காற்றை வைத்துக்கொள்ளும், காற்றுதான் குளிரைத் தடுக்கும். அதனால் உனக்கும் சாக்கு வேண்டாம், பழைய போர்வை வேண்டாம் என்று முடிவு செய்தேன். தரை தொடாமல் பலகை. அதன்மேல் காய்ந்த பெரணி, நீ சுருண்டால் மூழ்குகிற அளவுக்கு. தினமும் கிளறிவிட்டு, நசுங்கினதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன். அவருடைய பிராந்தி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸ் மாட்டி, காயம் இல்லாத பக்கமாக வைக்கிறேன். நேராக வைத்தால் சுட்டுவிடும், உனக்குச் சொல்லத் தெரியாது. தையலை நக்காமல் இருக்கப் பெயிண்ட் பக்கெட்டின் அடியை வெட்டி அவர்தான் கழுத்தில் மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டு நீ மைக்செட் குழாய் மாதிரி நின்றாய். லில்லி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "ஏ பவளக்கொடி, நாய்க்குப் பிள்ளைப்பேறா பார்க்கறே? கட்டுன புருசனுக்கு இப்படி ஒருநாள் வெந்நீர் வெச்சிருப்பியா?" என்றது. "அவருக்குத்தான் அந்த பாட்டில்ல இருந்ததே போதுமே அக்கா" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் கூண்டுக்குள் ஓடியது. ஆனால் மறுநாள் அதுவே ஒரு கட்டு பெரணியை வேலிமேல் போட்டுவிட்டுப் போனது, என்ன ஏது என்று ஒன்றும் சொல்லாமல்.

வெயில் ஓடைக்கு வந்துவிட்டது. அங்கே பனி ஆவியாக எழும்புகிறது. பண்ணையில் இந்த நேரத்துக்கு முன்பே தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். பனி உட்கார்ந்த கன்றின்மேல் சுள்ளென்று வெயில் பட்டால் இலை கருகிவிடும். குளிரில் தப்பித்த கன்றுகூட வெயிலில் சாகும். மேஸ்திரி வருஷா வருஷம் புதுப் பெண்களுக்கு இதைத்தான் சொல்வார். அப்படியென்றால் உன்னை. நான் இவ்வளவு நேரமாக வெயில், வெயில் என்று காத்துக்கொண்டிருக்கிறேனே, அதுவே உனக்கு. இல்லை, நீ கன்று இல்லை, உனக்குள் ரத்தம் ஓடுகிறது, ரத்தம் சூட்டைக் கொண்டுபோய்ப் பங்கிட்டுக் கொடுக்கும். கன்றுக்கு யாரும் மடி கொடுப்பதில்லை. ஆனாலும் முழு வெயிலில் கொண்டுபோய்ப் போடமாட்டேன். முதலில் முதுகு, அப்புறம் வயிறு, தையல் பக்கம் கடைசி. இதோ, தையலைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது. ஈரம் முதுகோடு நின்றுவிட்டது. நீ தையல் பக்கத்தை அடியில் கொடுக்காமல், வலிக்காத பக்கத்தைத் தரையில் வைத்துத்தான் படுத்திருந்தாய். அந்த அளவுக்கு உனக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் வெளியே வந்தாய் என்று இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தார்ப்பாய் மூன்று பக்கம்தான் கட்டியிருந்தேன். நான்காவது பக்கம் திறந்தே இருக்கும், உனக்குப் பாதை தெரிய வேண்டும் என்பதற்காக. இன்று நான்காவது பக்கமும் மூடியிருக்கிறது. ஓரமெல்லாம் கல் வைத்து அழுத்தியிருக்கிறது. ஒரே அளவான கல்லாகப் பொறுக்கி, பாண்டி விளையாடக் கோடு போடுவதுபோல் வரிசையாக. மூலையில் ஒரு முடிச்சு. நீல நிற ரிப்பன், பள்ளிக்கூட ரிப்பன், பூப்போல இரட்டைச் சுருக்கு. நான்தான் அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மூலையில் மட்டும் கற்கள் சிதறியிருக்கின்றன. பக்கெட் வாயால் முட்டித் தள்ளியிருக்கிறாய். அங்கிருந்து இங்கேவரை பனியில் ஒரு கோடு, பக்கெட் இழுபட்ட கோடு, பக்கத்தில் மூன்று கால் தடம். சிதறின கற்களுக்கு நடுவில் தெரிகிற இடைவெளியில், உள்ளே, உன் பலகைக்குப் பக்கத்தில் பால் பவுடர் டப்பா. இங்கிருந்தே தெரிகிறது. கிட்டே போய்ப் பார்க்க வேண்டியதில்லை, வாசனையே போதும். உன் கழுத்து மயிரில் இருக்கிறது அந்த வாசனை. அடுப்புக் கரி.

நேற்று அவர்தான் சாப்பிடும்போது சொன்னார். "ஒரு தகரத்துல நெருப்புக் கரிய அள்ளிப் போட்டு உள்ள வெச்சு, சுத்தி மூடிவிட்டா விடிய விடிய கதகதன்னு கிடக்குமே, பவளம்." "அந்தப் பேச்சே வேணாம்" என்றேன். "ஏன்?" என்றார். கண்ணால் சுபிக்ஷாவைக் காட்டினேன், விட்டுவிட்டார். மேல் லயத்து வாட்ச்மேன் அண்ணன் தம்பி இரண்டு பேரும் போன பனியில் அப்படித்தான், அறைக்குள் கரிக் கணப்பு வைத்து, ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்து, நிம்மதியாகப் படுத்தவர்கள். காலையில் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். போர்வைகூடக் கலையவில்லை என்றார்கள். மூடிய இடத்தில் கரி வைத்தால் அந்தக் காற்றே கொல்லும் என்று இந்த மலையில் தெரியாதவர் யார்? ஆனாலும் ஒவ்வொரு பனிக்கும் ஒரு வீட்டில் வைக்கிறார்கள், குளிர் அப்படி. குழந்தையின் முன்னால் சாவுப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன். அவளுக்குக் கேட்டது என்ன? கதகதன்னு கிடக்கும் என்பது மட்டும். நான் பாத்திரம் கழுவப் போனபோது, "கருப்பட்டிக்குக் குட் நைட் சொல்லிட்டு வந்துடறேம்மா" என்றாள். கரண்டியால் அள்ளியிருப்பாள். கையைச் சுட்டுக்கொண்டாளோ என்னவோ, பார்க்கவில்லை. திரும்பி வந்து, விடையைக் காலையில் சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே போர்வைக்குள் போனாள். அவளுடைய கற்கள் இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்திருந்தால். வேண்டாம். முட்டித் தள்ளினாய், வந்துவிட்டாய். கதவு உனக்கு ஆகாது. அதனால் உயிரோடு இருக்கிறாய்.

இன்றைக்குப் பார்த்துத்தான் தியாகு வருகிறான். என் தம்பி, கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வண்டி அவனுடையது. காரமடைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு அம்மா இப்படி அடிபட்ட நாய்களைப் பார்த்துக்கொள்கிறாராம். டாக்டரம்மா பேசி வைத்திருக்கிறார். கீழே குளிர் இல்லை, பனி இல்லை. போனால் நீ அங்கேயேதான், திரும்ப வரமாட்டாய். அதுதான் நாய்க்கு நல்லது என்கிறார் சுபிக்ஷா அப்பா. தை முடிந்தால் பனி முடிந்தது, அதுவரை நான் பார்த்துக்கொள்வேன் என்கிறேன் நான். "உன் பிடிவாதத்துக்கு அது நடுங்குது" என்றார். நியாயம்தான், கோபம் வந்தது. கடைசியில், "சுபிதானே கூட்டிட்டு வந்தா, அவளே சொல்லட்டும்" என்று முடித்துவிட்டார். அவளும் தலையை ஆட்டினாள். இப்போது இந்த டப்பாவைப் பற்றிச் சொன்னால் பயந்துபோய், அனுப்பிவிடு என்பாள். சொல்லாமல் டப்பாவை விறகுக்குப் பின்னால் தள்ளிவிட்டால், இருக்கட்டும் என்பாள். அடுத்த பனிக்கு, இன்னும் பெரிய கல்லாகப் பொறுக்கி, இன்னும் இறுக்கமாக மூடுவாள். ஒரு எட்டு வைத்தால் டப்பா கைக்கு எட்டிவிடும். எட்டிவிடும். எனக்கு நீ இங்கே வேண்டும், கருப்பட்டி, அதை மறைக்க முடியாது. ஆனால் அவளை ஏமாற்றி உன்னை வைத்துக்கொள்ளமாட்டேன். சொல்லத்தான் போகிறேன். சொல்லிவிட்டு, அவள் என்ன சொன்னாலும்.

நடுக்கம் நின்றுவிட்டது.

எப்போது நின்றது? நான் பேசிக்கொண்டிருந்தபோதா? இரண்டு காரணம் இருக்கலாம். சூடு பிடித்ததால் நின்றிருக்கலாம். இல்லையென்றால் டாக்டரம்மா சொன்ன மற்றது. கருப்பட்டி. ஏ கருப்பட்டி. ஈறைப் பார்க்கச் சொன்னார், ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். உதட்டைத் தூக்குகிறேன், இந்த நிழலில் எல்லாமே சாம்பலாகத் தெரிகிறது, என் விரல்கூடச் சாம்பலாகத் தெரிகிறது. வெயில் கோயில் தகரத்துக்கு வந்துவிட்டது. வா. காதுக்கடியில் விரலை வைக்கிறேன். என் விரல் குளிர்ந்து கிடப்பதால் உன் காது சூடா, என் விரல் பொய் சொல்கிறதா? விரலை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திரும்ப வைக்கிறேன். சூடுதான். இல்லை, என் சூடா அது? மூச்சு இருக்கிறது, விலா ஏறி இறங்குகிறது, நிதானமாக, மிகவும் நிதானமாக. இவ்வளவு நிதானம் வேண்டாம். அசை, எதையாவது அசை. லில்லி அக்கா வீட்டுக் கோழிக்கூண்டில் வெயில். சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு கத்துகிறது. உன் காது திரும்புகிறது. சேவலின் பக்கம், ஒரே ஒரு காது. அப்புறம் நீ ஒரு தும்மல் போடுகிறாய், பக்கெட்டுக்குள் கணீரென்று, என் முகமெல்லாம் ஈரம். போடு, இன்னொன்று போடு. வெயில் என் செருப்புக்கு வந்து, முழங்காலுக்கு வந்து, உன் முதுகில் ஏறுகிறது. உதட்டைத் திரும்பத் தூக்குகிறேன். ரோஸ். நன்றாகத் தெரிகிற ரோஸ். உன் வால் விறகில் தட்டுகிறது.

கதவு திறக்கிறது. சுபிக்ஷா ஸ்வெட்டரை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "விடை கண்டுபிடிச்சியாம்மா?"

"உறைபனி."

"யாரு சொன்னா?"

"கருப்பட்டிதான்."

சிரித்துக்கொண்டே வந்தவள் தார்ப்பாயைப் பார்க்கிறாள், சிதறின கல்லைப் பார்க்கிறாள். "ஏன் வெளிய வந்துச்சு? உள்ள கதகதன்னு இல்லையா?"

சொல்கிறேன். வாட்ச்மேன் அண்ணன் தம்பியையும் சேர்த்தே சொல்கிறேன், மெதுவாக, ஒன்றையும் விடாமல். அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"வெளிய வரலேன்னா செத்துப்போயிருக்குமா?"

"ஆமா."

"நான் நல்லதுக்குத்தானேம்மா வெச்சேன்."

"ஆமா, நல்லதுக்குத்தான் வெச்சே. அவங்களும் நல்லதுக்குத்தான் வெச்சாங்க. மூடுன இடத்துல மட்டும் கரி கூடாது."

வளைவில் ஹார்ன் சத்தம். தியாகு எப்போதும் இரண்டு முறை அடிப்பான். அவள் திரும்பவில்லை. உன் பக்கெட்டுக்குள் கை விட்டு நெற்றியைத் தடவுகிறாள். விரல் நுனியில் ஒரு கொப்புளம் இருக்கிறது.

"மாமா கூட்டிட்டுப் போற இடத்துல பனி விழுமா?"

"விழாது."

"கருப்பட்டிக்குக் குளிராது?"

"குளிராது."

"ராத்திரி எங்க படுக்கும்?"

"கூண்டுல. எல்லா நாயையும் கூண்டுலதான் விடுவாங்களாம்."

"சாத்துவாங்களா?"

சாத்துவாங்க என்பதோடு நிறுத்திக்கொண்டால் நீ எனக்குத்தான்; நிறுத்தவில்லை. "சாத்துவாங்க. ஆனா அங்க பார்த்துக்க ஆள் இருக்காங்க சுபி. தையல் பிரிஞ்சா திரும்பத் தைப்பாங்க."

ஹார்ன் மறுபடியும் அடிக்கிறது. அவள் ரிப்பனை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொள்கிறாள். டப்பாவை எடுத்துப்போய்ச் சாம்பலைக் குழியில் கொட்டுகிறாள். பிறகு வளைவுவரை நடந்துபோய், கருப்பட்டி வரவில்லை என்று மாமாவிடம் சொல்கிறாள்.